சட்டைக்கு சைஸ் உண்டு, மேசைக்கு ஏன் இல்லை? தொழிற்சாலையில் எர்கனாமிக்ஸ்: ஓர் எளிய அறிமுகம்

திருப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போக நேர்ந்தால், மெஷின்களை விட்டுவிட்டு நாற்காலிகளைப் பாருங்கள். பாதி நாற்காலிகளில் ஒரு மெத்தை கிடக்கும். கம்பெனி கொடுத்ததல்ல. கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடித்து, டெய்லர்களே தைத்துக்கொண்டது. ஒருவருடையது தலையணை மாதிரி தடித்திருக்கும். பக்கத்தில் இருப்பவருடையது வெறும் நான்கு மடிப்புத் துணி. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றியிருக்கும். பெடலுக்கு அடியில் ஓர் அட்டை செருகியிருக்கும். செக்கிங் டேபிளின் கீழ் ஒரு செங்கல் இருக்கும், ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள.

இவை ஒவ்வொன்றும் வாயால் சொல்லாத ஒரு புகார். நாற்காலி உயரம் சரியில்லை, பிடி உறுத்துகிறது, கால் கடுக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள், சொல்வதை நிறுத்திவிட்டுத் தாங்களே செய்துகொண்ட ஒட்டுவேலை. எர்கனாமிக்ஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த மெத்தையைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஐடி ஆபீசின் சுழல் நாற்காலி. "அதெல்லாம் ஏசி ரூம்ல உக்கார்றவங்களுக்குங்க" என்று அங்கேயே பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், முட்டியை மடக்கித் தூக்கச் சொல்லும் போஸ்டரை நினைப்பார்கள். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: "புதுசுல வலிக்கத்தான் செய்யும், போகப் போகப் பழகிடும்." முதல் இரண்டும் அரைகுறை. மூன்றாவதுதான் ஆளைக் கெடுப்பது.

பெயரில் என்ன இருக்கிறது

கிரேக்கத்தில் எர்கான் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. இரண்டையும் சேர்த்து இந்தப் பெயரை 1857-இல் உருவாக்கியவர் யாஸ்ட்செம்பொவ்ஸ்கி என்ற போலந்து அறிஞர். தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள். அதைவிட எளிதாகச் சொல்வதென்றால், வேலையை ஆளின் அளவுக்குத் தைப்பது. மேசை, நாற்காலி, கருவி, பொருள் வைக்கும் இடம், வெளிச்சம், வேலையின் வேகம், இடைவேளை எல்லாமே இந்தத் தையலுக்குள் வரும். இறுக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி நடக்கலாம்தான், ஆனால் நாள் முழுக்க முடியாது. பொருந்தாத வேலையிடமும் அப்படித்தான்.

விஷயம் பெயரைவிடப் பழசு. 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். உட்கார்ந்தே வேலை செய்யும் செருப்புத் தைப்பவர்களும் தையற்காரர்களும் முதுகு வளைந்து போவதை அதில் குறித்திருக்கிறார். 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பவர் மெஷின் வந்துவிட்டது, முதுகு இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

குடம் ஏன் இடுப்பில் இருக்கிறது

தண்ணீர்க் குடத்தை எப்படித் தூக்குகிறோம்? இடுப்பில் இடுக்கிக்கொள்கிறோம், அல்லது தலையில் வைக்கிறோம். கையை நீட்டி முன்னால் பிடித்துக்கொண்டு யாரும் நடப்பதில்லை. அப்படி நடந்தால் பத்தடிகூடத் தாண்ட மாட்டோம். இத்தனைக்கும் குடம் அதே குடம், தண்ணீர் அதே தண்ணீர். மாறியது உடம்புக்கும் குடத்துக்கும் இடையிலான தூரம் மட்டும்.

இதற்குப் பின்னால் இருப்பது நெம்புகோல் கணக்கு. கீழ் முதுகெலும்பை சீசாப் பலகையின் நடு அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சுமை. பின்பக்கம் அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசை. தசை அச்சிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 10 கிலோ துணிக்கட்டை 25 செ.மீ. தூரத்தில், அதாவது வயிற்றோடு அணைத்துப் பிடித்தால், முதுகுத் தசை கிட்டத்தட்ட 50 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே கட்டை கையை நீட்டி 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 100 கிலோ. குனியும்போது நம் தலையும் நெஞ்சும்கூட முன்பக்கச் சுமையாகச் சேர்ந்துகொள்ளும் என்பதை இதில் இன்னும் சேர்க்கவில்லை. அதனால்தான் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தவருக்கும் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. பென்சிலுக்கு எடையில்லை, நமக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு சூத்திரமாகவே ஆக்கி வைத்திருக்கிறது நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம். 1990-களில் திருத்தி வெளியிட்ட அந்தச் சூத்திரம் 23 கிலோவில் தொடங்குகிறது. ஆனால் அந்த 23 கிலோ எல்லாம் கூடிவந்த நேரத்துக்கு மட்டும்: சுமை உடம்பை ஒட்டி 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், அதாவது சுமார் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, அடிக்கடி தூக்கக் கூடாது. தூரம் 50 செ.மீ. ஆனால் அளவு பாதியாகி 11.5 கிலோவில் நிற்கும். அதையே தரையிலிருந்து தூக்கினால் 9 கிலோவுக்கும் கீழே போய்விடும். நம் ஊரில் சிமென்ட் மூட்டை 50 கிலோ. ரோல் துணி 20 கிலோவைச் சாதாரணமாகத் தொடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. "எவ்வளவு எடை?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுகிறோம். எங்கிருந்து, எவ்வளவு எட்டி, எத்தனை தடவை என்று கேட்பதில்லை. ரோல் துணியைத் தரையில் அடுக்காமல் இடுப்புயர ஸ்டாண்டில் அடுக்கினால் எடை ஒரு கிராம்கூடக் குறையாது, முதுகின் சுமை மட்டும் நன்றாகவே குறையும்.

அசையாமல் இருப்பதும் உழைப்புதான்

ஒரு டம்ளர் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது நிமிடத்தில் தோள் எரியத் தொடங்கும். டம்ளர் கனம் கூடவில்லை, கையும் அசையவில்லை. பிறகு ஏன் எரிகிறது?

தசைக்குச் சாப்பாடு கொண்டுவருவதும் கழிவை அள்ளிப் போவதும் ரத்தம். தசை இறுகும்போது, பிழியும் ஈரத் துணி மாதிரி, உள்ளே ஓடும் குழாய்களும் நசுங்குகின்றன. தளர்ந்தால் ரத்தம் திரும்ப ஓடும். நடக்கும்போது இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வருவதால் ஒரு மணி நேரம் நடக்க முடிகிறது. இறுக்கமாகவே வைத்திருந்தால் வரவு நின்றுபோகிறது. இதற்கு நிலைச்சுமை என்று பெயர்: அசைவில்லாமல் தசை இறுகியே இருக்கும் நிலை.

தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும் சூப்பர்வைசருக்கு, "உக்காந்து பாக்கிற வேலதானே" என்று தோன்றும். மனிதத் தலை சுமார் 5 கிலோ. ஊசி முனையைப் பார்க்க அது முன்னால் சாய்ந்தபடியே நிற்கிறது. அதைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது கழுத்துத் தசையும் தோள்தசையும். நீட்டிய கையில் டம்ளரைப் பிடித்த அதே கதை, ஆனால் ஷிப்ட் முழுக்க. கூடவே, முழங்கைகளுக்குத் தாங்கல் கிடையாது என்றால் இரண்டு கைகளையும் தோள்தான் தொங்கவிடாமல் பிடித்திருக்கிறது. "பிடரியெல்லாம் இழுக்குதுங்க" என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

நின்றபடி செய்யும் செக்கிங், அயர்னிங் வேலையில் இதே சிக்கல் காலுக்கு வருகிறது. கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். ஒரே இடத்தில் நின்றால் அந்த பம்ப் ஓடாது. சாயங்காலம் செருப்பு இறுக்குவது அதனால்தான். செங்கல்லில் காலை மாற்றி வைக்கும் அக்காவுக்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டியதில்லை, கால் சொல்லிக் கொடுத்துவிட்டது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

பழைய கிணறுகளின் கைப்பிடிச் சுவரில் கயிறு அறுத்த பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் இழுத்த இழுப்பில் விழுந்த பள்ளமல்ல அது. நம் கையிலும் கயிறுகள் உண்டு. தசையை எலும்போடு கட்டும் அந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். விரலை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் இருக்கும் குறுகலான ஒரு வாய்க்கால் வழியாகத்தான் உள்ளங்கைக்கு வருகின்றன. அந்த வாய்க்காலுக்குக் கார்ப்பல் டனல் என்று பெயர்.

மணிக்கட்டு நேராக இருந்தால் எல்லாம் சுகமாக வழுக்கி ஓடும். மணிக்கட்டை மடக்கிக்கொண்டு விரலை அழுத்தினால் வாய்க்கால் நெருக்குகிறது, உரசல் கூடுகிறது, வீங்குகிறது, நரம்பு நசுங்குகிறது. பிசிறு வெட்டும் ஒருவர் ஒரு டீசர்ட்டுக்கு 15 வெட்டு, நாளைக்கு 500 பீஸ் என்று வைத்துக்கொண்டால், 7,500 தடவை அந்தச் சின்னக் கத்தரியை அழுத்துகிறார். ஒரு வெட்டுக்கு வேண்டிய பலம் குழந்தைக்கும் உண்டு. விடியற்காலையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழுவது பல சமயம் இதன் முதல் அறிகுறி. "ரத்த ஓட்டம் இல்ல போல" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

கிரைண்டர், டிரில் போன்ற அதிரும் கருவிகளைப் பிடிப்பவர்களுக்கு இதோடு அதிர்வும் சேர்கிறது. வருஷக்கணக்கில் பிடித்தால் விரல் வெளுத்து உணர்விழக்கும் நோய்வரை போகும். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால், உடம்பைத் தேய்ப்பவை மூன்று: எட்டிச் செய்யும் சுமை, அசையாத இறுக்கம், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு. இவற்றால் தசை, தசைநாண், மூட்டு, நரம்பு ஆகியவற்றில் மெல்ல மெல்ல வரும் பாதிப்பைத் தசை எலும்புக் கோளாறு என்கிறோம். விபத்து மாதிரி ரத்தம் வராது, ரெஜிஸ்டரில் ஏறாது. "பழகிடும்" என்ற பேச்சு எங்கே தவறுகிறது என்பதும் இப்போது தெரியும். பளுவும் ஓய்வும் மாறி மாறி வந்தால் தசை வலுவாகும், உண்மை. ஓய்வே இல்லாமல் உரசும் தசைநாண் பழகுவதில்லை, தேய்கிறது. தாக்குப்பிடிக்காதவர்கள் நின்றுவிடுகிறார்கள், மிஞ்சியவர்களைப் பார்த்து "இவங்களுக்குப் பழகிடுச்சு" என்கிறோம்.

சராசரி ஆள் என்று ஒருவர் இல்லை

சரி, எல்லோருக்கும் நடுத்தரமாக ஒரு மேசை செய்துவிட்டால்? அமெரிக்க விமானப் படை இப்படித்தான் நினைத்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்து, உயரம், நெஞ்சளவு, கை நீளம் என்று 10 அளவுகளில் எத்தனை பேர் சராசரிக்குள் வருகிறார்கள் என்று பார்த்தார். 1952-இல் வெளியான அந்த அறிக்கையின் விடை: பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரிக்குச் செய்த காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, யாருக்குமே முழுதாகப் பொருந்தாத காக்பிட். அதன் பிறகுதான் இருக்கையையும் பெடலையும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடுகள் பரவின.

இது டெய்லருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று நாள் முழுக்க சைஸ் லேபிள் வைத்துத் தைப்பவர் அவர். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் பவர் டேபிளுக்கும் ஒரே சைஸ். எழுத உட்கார்ந்தால் எனக்கு இதைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை.

வடிவமைப்பவர்கள் இதற்கு ஒரு நடைமுறை விதி வைத்திருக்கிறார்கள். எட்ட வேண்டியதைக் குட்டையானவருக்கு எட்டும்படி வை, நுழைய வேண்டிய இடத்தை நெட்டையானவருக்குப் போதும்படி விடு. மேல் அலமாரி குட்டையானவர் கணக்கில், மேசைக்கடியில் முட்டி இடிக்காத இடம் நெட்டையானவர் கணக்கில். வேலை செய்யும் மேசையின் உயரம் மட்டும் இந்த விதிக்கு அடங்காது, அதை மாற்றிக்கொள்ளும்படிதான் செய்தாக வேண்டும்.

எந்த உயரம் சரி? சமையலறையைக் கேளுங்கள்

ஊசியில் நூல் கோர்க்கக் கையை முகத்தருகே தூக்குகிறோம். காய் நறுக்க முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை இருந்தால் வாகாக இருக்கும். சப்பாத்தி மாவு பிசையும்போது மேடை உயரமாகத் தெரியும், பலர் பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொள்வார்கள், உடம்பு எடையைப் போட்டு அழுத்த வேண்டுமே.

தொழிற்சாலைக்கும் இதே அளவுகோல்தான், மையப்புள்ளி முழங்கை. நின்று செய்யும் வேலையில், கண் வைத்துச் செய்யும் நுணுக்க வேலைக்கு முழங்கைக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. இலேசான கைவேலைக்கு முழங்கைக்குக் கீழே 10 முதல் 15 செ.மீ. அழுத்தியும் தட்டியும் செய்யும் கனத்த வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே. யாருடைய முழங்கை என்பதுதான் கேள்வி. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் சென்டிமீட்டரை மனப்பாடம் செய்வதைவிட, கையை இயல்பாக மடக்கி நிற்கச் சொல்லி முழங்கையைப் பார்ப்பது மேல்.

ஒரு சின்ன இடைச்செருகல். கழுத்து வலிக்கு மருந்து பல நேரம் பல்பில் இருக்கிறது. ஊசி முனை சரியாகத் தெரியாவிட்டால் தலை தானாக அதை நோக்கி இறங்கும். நாற்காலியை எவ்வளவு மாற்றினாலும் தலை நிமிராது. கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் ஓடும் நாளில் லைனில் நின்று பாருங்கள், எல்லாத் தலையும் இரண்டு அங்குலம் கீழே இருக்கும். மெஷின் தலையில் ஒட்டும் ஒரு சின்ன எல்இடி விளக்கு அங்கே செய்யும் வேலையை விலை உயர்ந்த நாற்காலி செய்யாது.

பெல்ட், போஸ்டர், ரொட்டேஷன்

லோடு ஏற்றுபவர்களுக்கு அகலமான இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கும் இடங்கள் உண்டு. அடிபடாத ஆளை அந்த பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. போஸ்டரும் அப்படித்தான். முட்டியை மடக்கு என்கிறது, ஆனால் பெட்டி ஆழமான தொட்டிக்குள் கிடந்தால் முட்டியை மடக்கி எப்படி எடுப்பது? தொட்டியின் ஒரு பக்கத்தைக் கதவாகத் திறக்கும்படி செய், அல்லது அடித்தட்டு ஸ்ப்ரிங்கில் எழும்பி வரும்படி செய். அதாவது முதலில் இடத்தையும் கருவியையும் மாற்று, பிறகு வேலை முறையை மாற்று, ஆளுக்கு அறிவுரை சொல்வது கடைசி.

ரொட்டேஷன், அதாவது வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது, நல்ல யோசனை. ஆனால் ஓவர்லாக்கிலிருந்து பேட்லாக் என்ற இன்னொரு தையல் மெஷினுக்கு மாற்றுவது மாற்றமே அல்ல. மெஷின்தான் வேறு, கழுத்தும் தோளும் அதே இறுக்கத்தில்தான் இருக்கும். உட்கார்ந்து தைத்தவரை நின்று நடக்கும் வேலைக்கு மாற்றினால் அது மாற்றம். இடைவேளையும் அப்படியே, நீளத்தைவிட அடிக்கடி வருவது முக்கியம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு அரை மணியைவிட, இடையிடையே ஓரிரு நிமிடம் எழுந்து கை கால் உதறுவது தசைக்கு அதிகம் உதவும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கித் தைப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அவருடைய ஒரு நிமிடத்துக்கு விலை இருக்கிறது, அதை அவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. கூலி முறையைத் தொடாமல் எர்கனாமிக்ஸ் பேசுவது பாதிப் பேச்சு என்பது என் எண்ணம்.

2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தபோது புதுமையாகப் பேசினோம். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது. எத்தனை செக்கிங் டேபிள் அருகே ஸ்டூல் பார்த்திருக்கிறீர்கள்?

எங்கே தொடங்குவது

பெரிய ஆய்வு, கன்சல்டன்ட் எல்லாம் பிறகு. முதலில் ஒட்டுவேலைகளைக் கணக்கெடுங்கள்: மெத்தை, அட்டை, செங்கல், துணி சுற்றிய பிடி. ஒவ்வொன்றும் அந்த மூன்று தேய்மானங்களில் எதைத் தணிக்கச் செய்தது என்று கேளுங்கள். அடுத்து, "எங்கே வலிக்குது?" என்று ஷிப்ட் முடியும்போது கேளுங்கள், காலையில் கேட்டால் விடை வராது. கூட்டத்தில் கேட்டாலும் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவர்களுக்கெல்லாம் இடுப்பு வலி. டேபிள் தாழ்வு என்று கண்டுபிடித்து, எல்லா டேபிளுக்கும் கால் வெல்டிங் வைத்து உயர்த்தினார்கள். உயரமான நான்கு பேருக்கு வலி போனது. குட்டையான மூன்று பேருக்குப் புதிதாகத் தோள் வலி வந்தது, கையைத் தூக்கியே துணியைப் புரட்ட வேண்டியதால். திரும்பவும் டேபிளை அறுக்கலாமா என்று மெக்கானிக் கேட்டார். கடைசியில் பேக்கிங் செக்‌ஷனில் கிடந்த பலகைகளை வெட்டி, தடுக்கி விழாத அகலத்தில், மூன்று உயரத்தில் நிற்கும் பலகைகள் செய்தார்கள். யாருக்கு எது என்று நின்று பார்த்து அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் போனபோது ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் மார்க்கிங் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. நைட் ஷிப்டுக்காரர்கள் எடுத்து இடம் மாற்றிவிடுகிறார்களாம்.